நகரசபைக்கு அதிகாரம் எங்கே? பணம் எங்கே?

1955-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. யு.என்.தேபர் தலைமை வகித்தார். பிரதமர் நேரு வந்திருந்தார். முதலமைச்சர் காமராஜ் முன்னின்று ஏற்பாடுகளைக் கவனித்தார். ‘சோஷலிஸ மாதிரி சமுதாயம்’ அமைப்பதே நாட்டின் லட்சியம் என்று அந்தப் பந்தலில் தீர்மானம் நிறைவேறிற்று. அதன் பிறகு ‘ஆவடித் தீர்மானம்’ என்றால் இந்தியா முழுவதும் தெரியும்.

அந்தத் தீர்மானத்துக்கு எழுபது வயது ஆகிவிட்டது. ஆவடிக்குப் பெயர் கிடைத்தது. ஆவடியில் உழைக்கிறவனுக்கு என்ன கிடைத்தது? ராணுவத்துக்கு டாங்கி செய்யும் தொழிற்சாலை வந்தது; சிப்பாய்க்கு உடை தைக்கும் தொழிற்சாலை வந்தது. பக்கத்து அம்பத்தூரில் 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஆனால் அந்தத் தொழிற்சாலைகளிலே எட்டு மணி நேரமும் பத்து மணி நேரமும் நின்று வேலை செய்துவிட்டு வீடு திரும்பும் தொழிலாளியின் தெருவில் குழாய் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் இருக்கிறதா, வாசலில் சாக்கடை தேங்காமல் போகிறதா, இரவில் விளக்கு எரிகிறதா என்று கேட்டால், பதில் தெருவுக்குத் தெரு மாறுகிறது. புறம்போக்கு ஓரத்திலும் ஏரிக்கரை ஓரத்திலும் ஒற்றை அறை வாடகை வீடுகளிலும் குடியிருப்பவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ‘இல்லை’ என்ற பதிலே வருகிறது.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஸ்தாபனம் எது? நகரசபை. ஆனால் நகரசபையைக் கேட்டால், “எங்களுக்கு அதிகாரம் இல்லை, பணம் இல்லை” என்கிறது. இது உண்மையா, சாக்கா? உண்மையானால் அதிகாரத்தையும் பணத்தையும் எடுத்துக்கொண்டது யார்? உழைக்கும் மக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏரி இங்கே, குழாய் எங்கே?

சென்னை மாநகரத்துக்குத் தண்ணீர் தரும் பெரிய ஏரிகள் எங்கே இருக்கின்றன? பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். அதன் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அம்பத்தூருக்கு வடக்கே புழல்; 3,300 மில்லியன் கன அடி. திருவள்ளூருக்கு மேற்கே பூண்டி. 3,231 மில்லியன் கன அடி. புழல் தண்ணீர் 1872-ம் ஆண்டு முதலே கீழ்ப்பாக்கத்துக்குப் போகிறது. செம்பரம்பாக்கத்தில் 2007-ல் கட்டி முடித்த சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்தம் செய்யக் கூடியது. ஏரி நம்முடைய வட்டாரத்தில். கரையைக் காத்தவர்கள் நம்முடைய முன்னோர்கள். வெள்ளம் வந்தால் மூழ்குவது நம்முடைய வீடுகள். குழாய் மட்டும் நம்முடைய தெருக்களைத் தாண்டிப் போய்விட்டு, பல ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பிப் பார்த்தது.

சென்னை நகரத்து மக்கள் மீது நமக்குப் பகையில்லை. அங்கேயும் நம்மைப் போன்ற உழைப்பாளிகளே குடத்தோடு நிற்கிறார்கள். 2019-ம் ஆண்டுக் கோடையில் நாலு ஏரியும் வறண்டபோது இது எல்லாருக்கும் வெளிச்சமாயிற்று. அந்த ஆண்டு ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றிய முதல் ரயில் வந்தது. ஆவடி ஸ்டேஷனைக் கடந்தது; அம்பத்தூர் ஸ்டேஷனைக் கடந்தது; வில்லிவாக்கத்தில் நின்றது. அங்கிருந்து குழாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்குப் போயிற்று. தண்டவாளத்தின் இரு பக்கமும் குடியிருந்தவர்கள் லாரிக்காகக் காத்திருந்தார்கள்.

கூலியில் விழும் ஓட்டை

“குழாய் இல்லாவிட்டால் என்ன, காசு கொடுத்து வாங்கிக் கொள்ளலாமே” என்று சொல்கிறவர்கள் உண்டு. கணக்குப் பார்ப்போம். இருபது லிட்டர் கேன் ஒன்று முப்பது ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் இரண்டு நாளைக்கு ஒரு கேன் என்றால் மாதத்தில் 450 ரூபாய். புழக்கத்துக்கு லாரித் தண்ணீரோ, வீட்டுக்காரர் போர் தண்ணீரோ தனி. கழிவுத் தொட்டி நிரம்பினால் லாரிக்குத் தனி. தேங்கிய சாக்கடையிலிருந்து கொசு, கொசுவிலிருந்து டெங்கு, டெங்கு வந்தால் ஒரு வாரக் கூலி போயிற்று, ஆஸ்பத்திரிச் செலவும் சேர்ந்தது. காலையில் தண்ணீர் லாரி வரும் நேரமும் ஷிப்டு தொடங்கும் நேரமும் ஒன்றானால், யாராவது ஒருவர் வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டும். அது பெரும்பாலும் வீட்டுப் பெண். அவளுடைய கூலிதான் முதலில் போகும்.

ஆலை வாசலில் நாம் சங்கம் வைத்துப் போராடி மாதத்துக்கு 500 ரூபாய் உயர்வு வாங்கினால், அதைத் தெருவிலே தண்ணீர் வியாபாரி வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். ஆகவே குழாயும் சாக்கடையும் விளக்கும் கூலிப் பிரச்னையே. போனஸுக்கு நிற்கும் ஒழுங்கோடு குழாய்க்கும் நிற்க வேண்டும் என்று நாம் சொல்வதன் காரணம் இதுதான்.

காலியாகக் கிடந்த நாற்காலிகள்

1992-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது. நகர ஸ்தாபனங்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடந்தே தீர வேண்டும் என்று அது சொல்கிறது. குடிதண்ணீர், துப்புரவு, தெரு விளக்கு, குடிசைப் பகுதி மேம்பாடு முதலான 18 பொறுப்புகளை அவற்றிடம் ஒப்படைக்கலாம் என்று ஒரு பட்டியலும் அதில் இருக்கிறது. சட்டத்தில் எழுதியிருக்கிறது. நடந்தது என்ன?

தமிழ்நாட்டில் 2011-ல் தேர்ந்தெடுத்த நகரமன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ந் தேதிதான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவுன்சிலர் இல்லை, தலைவர் இல்லை, மன்றக் கூட்டம் இல்லை. சர்க்கார் நியமித்த தனி அதிகாரிகளே எல்லாம். வார்டு வரையறை, இட ஒதுக்கீடு, கோர்ட்டு வழக்கு என்று ஒவ்வொரு காரணமாக வந்தது; தேர்தல் மட்டும் வரவில்லை.

அந்த ஐந்து ஆண்டுகளுக்குள்ளேதான் 2019-ம் ஆண்டு வறட்சி வந்தது. ஏரிகள் வறண்ட அதே ஜூன் மாதத்தில் ஆவடி நகராட்சியை மாநகராட்சியாக உயர்த்தினார்கள். தமிழ்நாட்டின் 15-வது மாநகராட்சி. பெயர்ப் பலகை மாறிற்று. ஆனால் ஆவடிக்கு முதல் மேயர் வந்தது 2022 மார்ச்சில். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் மேயர் இல்லாத மாநகராட்சி! தண்ணீர் இல்லாத நாளில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. அதிகாரி வந்த ஊருக்கு ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போகலாம். கவுன்சிலர் அதே தெருவில் அடுத்த நாளும் நடக்க வேண்டும். தேர்தலின் பயன் அதுதான்.

இது புதிய வழக்கம் அன்று. சென்னை மாநகராட்சி மன்றமே 1973 முதல் 1996 வரை கலைந்து கிடந்தது. கிராம ஊராட்சிகளுக்கும் இதே கதி. பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் காலம் முடிந்தபோது, தேர்தலுக்குப் பதில் தனி அதிகாரிகளே வந்தார்கள். கோட்டையில் எந்தக் கட்சி உட்கார்ந்திருந்தாலும், கீழே ஒரு சபை கேள்வி கேட்பதை அது விரும்புவதில்லை.

ஊர் பெரிதாகிறது, சபை தூரம் போகிறது

அம்பத்தூருக்குத் தனி நகராட்சி இருந்தது. 2011-ல் அதையும் ஆலந்தூர், மதுரவாயல், வளசரவாக்கம் முதலானவற்றையும் சேர்த்து 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 கிராம ஊராட்சிகள், ஆக 42 ஸ்தாபனங்களைச் சென்னையோடு இணைத்தார்கள். 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராயிற்று.

இணைப்பில் நன்மையே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். பெரிய குழாய் போடப் பெரிய ஸ்தாபனம் வேண்டும். என்ஜினீயர் வேண்டும், கடன் வாங்கும் பலம் வேண்டும். ஏரியிலிருந்து வரும் தண்ணீரை ஒரு சிறிய முனிசிபாலிடி தனியாகக் கொண்டுவர முடியாது. ஆனால் அந்தக் குழாய் எந்தத் தெருவில் முதலில் போக வேண்டும், எந்தச் சந்து விட்டுப் போயிற்று என்று சொல்லப் பக்கத்தில் இருக்கும் சபை வேண்டும். இணைப்பு முதலாவதைத் தருவதாகச் சொல்லி இரண்டாவதை எடுத்துக்கொண்டது.

எண்களைப் பாருங்கள். 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி அம்பத்தூரில் 4 லட்சத்து 66 ஆயிரம் பேர். சென்னை மாநகராட்சியில் அம்பத்தூர் மண்டலத்துக்குக் கிடைத்தது 15 வார்டு. ஒரு கவுன்சிலருக்கு 31 ஆயிரம் பேர். ஆவடியில் அதே கணக்கில் 3 லட்சத்து 46 ஆயிரம் பேருக்கு 48 வார்டு. ஒருவருக்கு 7 ஆயிரத்துச் சொச்சம். பூந்தமல்லி நகராட்சியில் 57 ஆயிரம் பேருக்கு 21 வார்டு. ஒருவருக்கு 2,700 பேர். பூந்தமல்லிக்காரர் தமது கவுன்சிலரை டீக்கடையில் பார்த்துவிடலாம். அம்பத்தூர்க்காரர் தேடிப் போக வேண்டும்.

பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர் நகராட்சிகளையும் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் ஆவடியோடு சேர்க்கும் யோசனையும் அண்மை ஆண்டுகளில் எழுந்தது. அந்த ஊர்களின் ஜனங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “சேர்ந்தால் எங்கள் தெருவுக்கு எந்த ஆண்டில் என்ன வரும்? எங்களுக்கு எத்தனை வார்டு மிஞ்சும்? எழுதிக் கொடுப்பீர்களா?”

ஆலந்தூர் காட்டிய வழியும் அதன் குறையும்

சிறிய நகரசபையால் பெரிய காரியம் ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு ஆலந்தூரைக் காட்டலாம். பரங்கிமலை அடியில் உள்ள அந்த நகராட்சியில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் ஜனங்கள். பாதாளச் சாக்கடை கிடையாது. 1996 தேர்தலுக்குப் பிறகு, ஆர்.எஸ்.பாரதி தலைவராக இருந்த நகரமன்றம் தெருத்தெருவாகக் கூட்டம் போட்டது. குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டி, திட்டம் என்ன, செலவு என்ன என்று சொல்லிற்று. வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணமாகக் கேட்டது. ஜனங்கள் கொடுத்தார்கள். அந்தப் பணத்தையும் கடனையும் மானியத்தையும் சேர்த்து ஏறத்தாழ 34 கோடி ரூபாயில் வேலை 2000-ல் தொடங்கிற்று. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. சில ஆண்டுகளில் வீடுகளுக்கு இணைப்பும் வந்தது.

இங்கே ஆவடியிலோ பாதாளச் சாக்கடைத் திட்டம் 2008-ஐ ஒட்டி வந்து, பத்தாண்டு கடந்தும் முடியாமல் தெருக்களைப் பள்ளமாக்கிவிட்டுக் கிடந்தது. வித்தியாசம் எங்கே? ஆலந்தூரில் மன்றம் ஜனங்களிடம் கணக்குச் சொல்லிற்று. பணம் கட்டிய ஜனங்கள் கணக்குக் கேட்டார்கள். தேர்ந்தெடுத்த சபையும் விழித்திருக்கும் ஜனங்களும் சேர்ந்தால் வேலை நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் ஆலந்தூர் வழியை அப்படியே நாம் ஏற்க முடியாது. 1990-களின் கடைசியில் 5,000 ரூபாய் என்பது ஒப்பந்தக் கூலிக்காரனுக்குப் பல மாதச் சம்பளம். சுத்திகரிப்பு நிலையம் கட்டி நடத்தும் பொறுப்பும் தனியார் கம்பெனிக்குப் போயிற்று. சாக்கடை என்பது பணம் கட்டியவன் வீட்டுக்கு மட்டும் உரியது என்றால், கட்ட முடியாதவன் வீட்டு வாசலில் ஓடுவது யாருடைய சாக்கடை? காலரா கிருமி ரசீது பார்த்து வருவதில்லை. ஜனங்களைக் கேட்டுச் செய்த முறையை எடுத்துக்கொள்வோம். ஏழையின் மடியில் கை வைத்த முறையை விட்டுவிடுவோம். பணம் இருக்கும் இடத்தில் போய்க் கேட்போம்.

வரி யாரிடம் வாங்குவது?

பணம் எங்கே இருக்கிறது? ஆவடியைச் சுற்றி வந்தாலே தெரியும். ஆவடியின் பெரும் நிலப்பரப்பு மத்திய சர்க்காருடையது: கனரக வாகனத் தொழிற்சாலை, என்ஜின் தொழிற்சாலை, படையுடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், ரிசர்வ் போலீஸ் முகாம், ரயில்வே இடம். அரசியல் சட்டத்தின் 285-வது பிரிவின்படி மத்திய சர்க்காரின் சொத்துக்கு ஸ்தல ஸ்தாபனம் வரி போட முடியாது. ஆறு நூறு சதுர அடி வீட்டுக்காரன் சொத்து வரி கட்டுகிறான். ஏக்கர் ஏக்கராக மதில் எழுப்பியிருக்கும் இடத்துக்கு வரி இல்லை.

வரிக்குப் பதிலாகச் ‘சேவைக் கட்டணம்’ கட்ட வேண்டும் என்று ஏற்பாடு. இதற்கே பல ஊர்கள் கோர்ட்டு ஏற வேண்டியிருந்தது. ராஜ்கோட் மாநகராட்சி தொடுத்த வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் ஓர் அளவு முடிவாயிற்று. ஊரின் எல்லா வசதியையும் பயன்படுத்தும் மத்திய ஸ்தாபனம் சொத்து வரியில் 75 சதவீதமும், ஓரளவு பயன்படுத்துவது 50 சதவீதமும், ஒன்றும் பயன்படுத்தாதது மூன்றில் ஒரு பங்கும் கட்ட வேண்டும். ஆவடிக்கு இந்தக் கணக்கில் எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி? மாநகராட்சி மன்றம் இந்தக் கணக்கை ஜனங்கள் முன் வைக்கட்டும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 2021 அக்டோபர் முதல் தேதியன்று மத்திய சர்க்கார், தொழிலாளர் சம்மேளனங்களின் எதிர்ப்பைத் தள்ளிவிட்டு, படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாக ஆக்கிற்று. டாங்கித் தொழிற்சாலை ஒரு கம்பெனியின் கீழ். உடைத் தொழிற்சாலை வேறொரு கம்பெனியின் கீழ். சர்க்காருக்குச் சொந்தமான கம்பெனியானாலும் கம்பெனியின் சொத்து சர்க்கார் சொத்தாகிவிடாது, 285-வது பிரிவின் பாதுகாப்பு அதற்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் முன்னரே வேறு வழக்குகளில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தொழிலாளியிடம் “இனி இது கம்பெனி” என்கிறவர்கள், நகரசபையிடம் மட்டும் “இது சர்க்கார்” என்று சொல்லலாமா? நிலமும் கட்டடமும் யார் பெயரில் இருக்கின்றன என்று மன்றம் கேட்டாக வேண்டும்.

சிறியவனிடம் வாங்குவதில் மட்டும் தயக்கமே இல்லை. 2022 பிப்ரவரியில் ஜனங்கள் ஓட்டுப் போட்டுக் கவுன்சிலர்களை அனுப்பினார்கள். ஆறு வாரம் போகுமுன் சொத்து வரி உயர்வு வந்தது. 600 சதுர அடிக்குள் அடங்கும் வீட்டுக்கும் 25 சதவீதம். 15-வது நிதிக் கமிஷனின் நிபந்தனை என்று மாநில சர்க்கார் மத்திய சர்க்காரைக் காட்டிற்று. நகரமன்றங்கள் கை தூக்கித் தீர்மானம் போட்டன. தீர்மானித்தது மேலே; கெட்ட பெயர் கீழே. வீட்டுக்காரருக்கு உயர்ந்த வரி, வாடகையாக மாறித் தொழிலாளியின் தலையில் விழுந்தது.

மாநில சர்க்கார் தன் சொந்த வரி வருவாயில் ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் பிரித்துக் கொடுத்து வந்த பங்கு 10 சதவீதம். கேரளத்தில் 1996-ல் ஈ.கே.நாயனார் சர்க்கார் ‘மக்கள் திட்டம்’ தொடங்கியபோது, மாநிலத்தின் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை பஞ்சாயத்துகளுக்கும் நகரசபைகளுக்கும் ஒதுக்கிற்று. கிராம சபைகளிலும் வார்டுகளிலும் ஜனங்கள் கூடி, எது முதலில் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வரிப் பங்கும் திட்டப் பங்கும் வேறு வேறு கணக்கு; அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் மனமிருந்தால் கோட்டைப் பெட்டியின் சாவியைக் கீழே உள்ளவர்களிடமும் கொடுக்க முடியும் என்பதற்கு அது உதாரணம்.

லண்டனில் முப்பது கவுன்சிலர்கள்

கவுன்சிலர் என்றால் காண்டிராக்டரோடு சுற்றுகிறவர் என்று ஜனங்கள் நினைக்கிற காலம் இது. ஆகவே ஒரு பழைய செய்தியைச் சொல்கிறோம். லண்டனின் கிழக்குப் பகுதியில் பாப்ளர் என்று துறைமுகத் தொழிலாளர் வாழும் வட்டாரம். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு அங்கே வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. ஏழைகளுக்கு நிவாரணம் கொடுக்கும் செலவை அந்தந்த வட்டாரமே ஏற்க வேண்டும் என்பது சட்டம். ஏழைகள் அதிகமுள்ள வட்டாரத்தில் செலவு அதிகம், வரி வருவாய் குறைவு. சீமான்கள் வாழும் மேற்கு வட்டாரத்தில் செலவு குறைவு, வருவாய் அதிகம்.

1921-ல் பாப்ளர் நகரசபை, ஜார்ஜ் லான்ஸ்பரி தலைமையில், “லண்டன் பொதுச் செலவுக்கு எங்கள் ஏழைகளிடம் வரி தண்டித் தரமாட்டோம், பணக்கார வட்டாரங்கள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளட்டும்” என்று தீர்மானித்தது. கோர்ட்டு உத்தரவு வந்தது. மீறினார்கள். பெண்கள் உட்பட 30 கவுன்சிலர்கள் சிறை புகுந்தார்கள். சிறைக்குள்ளேயே நகரசபைக் கூட்டம் நடத்தினார்கள். வெளியே ஆயிரக்கணக்கில் தொழிலாளர்கள் நின்றார்கள். ஆறு வாரத்தில் விடுதலை; அந்த ஆண்டே பாரத்தைப் பங்கிடும் சட்டமும் வந்தது.

அவர்கள் வென்றதற்குக் காரணம் அவர்களுடைய வீரம் மட்டும் இல்லை. எந்தத் தெருவுக்காகச் சிறை போனார்களோ அந்தத் தெரு அவர்களுக்குப் பின்னால் நின்றது.

சாக்கடைக்குள் இறங்கும் மனிதன்

நகரசபையின் வேலை என்றால் அதைச் செய்கிற கைகளையும் பார்க்க வேண்டும். மனிதனைச் சாக்கடைக்குள் பாதுகாப்பின்றி இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும், 2024 ஆகஸ்டில், ஆவடியில் பாதாளச் சாக்கடை வேலையில் ஓர் இளம் ஒப்பந்தத் தொழிலாளி விஷவாயுவுக்குப் பலியானார். நமது தெரு சுத்தமாக இருக்க ஒருவர் உயிரைக் கொடுக்க வேண்டுமென்றால் அந்தச் சுத்தம் நமக்கு வேண்டாம்.

குப்பை அள்ளும் வேலையையும் காண்டிராக்டுக்கு விடுவது நாளுக்கு நாள் வளர்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னையின் இரண்டு மண்டலங்களில் துப்புரவு வேலை தனியாருக்குப் போனபோது, அந்தத் தொழிலாளர்கள், அதிலும் பெண்கள், ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்திற்று. ஆலைத் தொழிலாளர்களே! உங்கள் ஆலையில் ஒப்பந்த முறையை எதிர்க்கிறீர்கள். உங்கள் தெருவைக் கூட்டும் பெண்ணுக்கும் அதே ஒப்பந்தச் சங்கிலிதான். அவளுடைய கோரிக்கையும் உங்கள் சங்கத்தின் கோரிக்கையாக வேண்டும்.

வயல் வேலைத் தோழர்களுக்கு

பூந்தமல்லிக்கு மேற்கேயும் திருவள்ளூர்ப் பக்கமும் விவசாயக் கூலிகளுக்கு இதெல்லாம் பட்டணத்துச் சங்கதி என்று தோன்றலாம். இல்லை. தாமரைப்பாக்கம், பூண்டி, மீஞ்சூர் வட்டாரக் கிணறுகளிலிருந்து பல ஆண்டுகளாகச் சென்னைக்குத் தண்ணீர் எடுத்தார்கள். மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மேல் உறிஞ்சியதால் கடல் நீரே நிலத்தடிக்குள் புகுந்தது. கிணற்றுச் சொந்தக்காரர் நெல் விளைவிப்பதற்குப் பதில் தண்ணீரை விற்றால் அவருக்குப் பணம் வருகிறது. நடவும் களையும் அறுப்பும் இல்லாமற் போன கூலிப் பெண்ணுக்கு என்ன வருகிறது? தண்ணீருக்கு விலை பேசியபோது அவளை யாரும் கேட்கவில்லை.

ஊராட்சி நகரத்தோடு சேரும்போதும் முதல் அடி கூலிக்காரருக்கே. 2005-ம் ஆண்டுச் சட்டம் தந்த நூறு நாள் வேலை கிராமப்புறத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஊராட்சி நகராட்சியானால் வேலை அட்டை செல்லாக் காசு. வீட்டு வரி மட்டும் நகரத்து வரியாக உயரும். 2025 தொடக்கத்தில் பல ஊராட்சிகளை நகரங்களோடு சேர்க்கும் அறிவிப்பு வந்தபோது, பல மாவட்டங்களில் கிராமத்துப் பெண்கள் மறியலில் இறங்கியது இதனால்தான். கேரளம் 2010-ல் அய்யன்காளி பெயரில் நகர வேலை உறுதித் திட்டம் கொண்டுவந்தது. நகரத்தோடு சேரும் ஊர்களுக்கு இங்கேயும் அப்படிப்பட்ட உறுதி இல்லாமல் இணைப்பு என்ற பேச்சே கூடாது.

ஏரிகளையும் மறக்கக் கூடாது. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகள் ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்தவை. வயல் போயிற்று, பிறகு கழிவுநீர் அவற்றில் கலந்தது. வரத்துக் கால்வாயும் உபரிக் கால்வாயும் அடைபட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டையே நீரில் நின்றது. சிறு பட்டறைகளின் யந்திரங்கள் மூழ்கின. தினக்கூலிக்காரன் வேலை இல்லாமல் நின்றான். கால்வாயை அடைத்தவர் ஒருவர். நஷ்டம் பட்டவர் வேறொருவர்.

நம் கோரிக்கைகள்

ஆகவே ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டார உழைக்கும் மக்கள் சார்பில் நாம் கேட்பது இவை:

1. நகர, கிராம ஸ்தல ஸ்தாபனங்களுக்குக் காலம் முடியுமுன் தேர்தல் நடத்து. தனி அதிகாரி ஆட்சி வேண்டாம்.

2. மத்திய ஸ்தாபனங்கள் கட்ட வேண்டிய சேவைக் கட்டணம், கட்டியது, பாக்கி ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டு வெளியிடு. கம்பெனிகளாகிவிட்ட தொழிற்சாலைகளிடம் முழு வரி கேட்டு மன்றம் தீர்மானம் போடட்டும்.

3. சிறு வீடுகளுக்கு வரி உயர்வை ரத்துச் செய். பெரிய நிலம், பெரிய கட்டடம், பெரிய லாபம் உள்ள இடத்தில் வாங்கு.

4. குடிநீர், பாதாளச் சாக்கடை இணைப்புக்கு ஏழைக் குடும்பத்திடம் முன்பணம் வாங்காதே. வீட்டு இணைப்பு வரும் வரை தெருவுக்குத் தெரு பொதுக் குழாய் போடு.

5. சாக்கடைக்குள் மனிதனை இறக்காதே, யந்திரம் வாங்கு. துப்புரவுத் தொழிலாளிகளை ஸ்தாபனத்தின் நேரடி ஊழியராக்கு.

6. இணைப்பு என்றால் அந்த ஊர் ஜனங்களைக் கூட்டிக் கேள். வசதி வரும் வரை கிராமத்து வரியே நீடிக்கட்டும். நகர வேலை உறுதி கொடு.

7. ஏரிகளில் கழிவுநீர் விடுவதை நிறுத்து. அடைபட்ட கால்வாய்களை மழைக்கு முன் திற.

இந்தக் கோரிக்கைகளை வைப்பதற்கு ஓர் இடமும் சட்டத்தில் இருக்கிறது. 2022-ல் வந்த விதிகளின்படி நகரங்களிலும் வார்டுக் கமிட்டியும் பகுதி சபையும் அமைய வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் முதல் தேதி உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் கூடின. பம்மலில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். போட்டோ வந்தது. அதற்குப் பிறகு உங்கள் பகுதி சபை எத்தனை முறை கூடிற்று? உங்கள் பகுதி எது, அதன் உறுப்பினர் யார் என்றாவது தெரியுமா? தெரியாவிட்டால் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

ஒவ்வொரு தெருவிலும் ஐந்து பேர் சேருங்கள். அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். குடத்தின் கனம் தெரிந்தவர்கள் அவர்களே. எத்தனை வீட்டுக்குக் குழாய் இல்லை, எத்தனை கம்பத்தில் விளக்கு எரியவில்லை, சாக்கடை எங்கே நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கையெழுத்து வாங்குங்கள். ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் அந்த நோட்டைத் தங்கள் மகஜராக ஏற்கட்டும். கவுன்சிலர் எந்தக் கட்சியானாலும் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர் வந்தால் நல்லது. வராவிட்டால் வராத செய்தியையும் நோட்டில் எழுதுங்கள்.

அடுத்த பகுதி சபை கூடும் நாளில் வெறும் நாற்காலிகள் இருக்கக் கூடாது. ஷிப்டு முடிந்து வருகிறவர்களும் வயலிலிருந்து வருகிறவர்களும் அந்த நாற்காலிகளில் உட்கார வேண்டும். சபை கூடாவிட்டால், கூடும் வரை நகரசபை வாசலில் உட்கார வேண்டும்!